யூலை இருபத்தோராம் திகதித் தாள்

என் கணவர் இடுப்பில் உடுக்கிற, நீலக்கோடு போட்ட சாரத்தைப் பத்து நாள் தொடர்ந்து நனைத்து நனைத்துக் கொடியில் காயப்போட்டவள் நான். அந்தப் பத்து நாளும் அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். சாரத்தில் ஒரு பொட்டு அழுக்கும் இல்லை. ஆனாலும் தெருவால் போகிறவர்கள் கொடியைப் பார்த்தால், இந்த வீட்டில் ஆம்பிளை இருக்கிறார் என்று நினைக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பாடு.

இது என்னுடைய சொந்த மூளையில் உதித்த வித்தை இல்லை. ஒட்டுசுட்டானுக்கு அங்கால், குளத்தின் கீழ்க் காட்டை வெட்டி எங்களைக் குடியேற்றிய கொலனியில் எல்லாப் பெண்களும் செய்ததுதான். அரசாங்கம் வயலும் மேட்டுக்காணியும் தந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. பெர்மிட்டில் பெயர் உள்ளவர் காணியிலேயே குடியிருக்க வேண்டும். காணிக் கந்தோர் ஜீப் சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனால் பெர்மிட் போய்விடும். எங்களுக்கோ கலியாணவீடு, செத்தவீடு, கோவில் திருவிழா எல்லாம் யாழ்ப்பாணத்தில். ஆகவே ஆம்பிளை ஊருக்குப் போனால் வாசலில் அவருடைய செருப்புக் கிடக்கும், கொடியில் அவருடைய சாரம் தொங்கும். இரண்டு காணி தள்ளி இருந்த ஒரு அக்கா, கணவர் குடித்து வைத்த அரைச் சுருட்டை விறாந்தைச் சுவரில் எடுப்பாக வைத்திருப்பா. ஜீப்பின் சத்தம் கேட்டால் அதைப் பற்றவைப்பா என்றும் ஒரு கதை இருந்தது.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கலியாணமாகி ஒரு வருசம். யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். யாரும் சும்மா வந்து சுகம் விசாரித்தால், போன பிறகு வீட்டில் என்ன குறைகிறது என்று தேடுவேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பக்கத்துக் காணிக்காரர் ஒரு கொப்பியும் கையுமாகத் திரிந்தால் என் நிலைமை எப்படி இருக்கும்?

அவரை எல்லாரும் அச்சுக்கூட அண்ணை என்றார்கள். ஐம்பதை எட்டிய தனிக்கட்டை. யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சுக்கூடத்தில் இருபது வருசம் எழுத்துக் கோத்தவர். அந்த ஈயத் தூசி நெஞ்சுக்குக் கூடாது என்று டொக்டர் சொன்னதால் வேலையை விட்டுவிட்டுக் காணிக்கு விண்ணப்பித்து வந்தவர். வரம்பு கட்டத் தெரியாது. மண்வெட்டியைப் பேனை பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார். ஆனால் கொலனியின் எங்கள் பக்கத்தில் றேடியோ வைத்திருந்தது அவர் ஒருவர்தான். பின்னேரங்களில் ஆம்பிளைகள் அவருடைய வளவில் போய் இருந்து செய்தி கேட்பார்கள். செய்தி முடிந்ததும் அவர்கள் பீடி பற்றவைப்பார்கள், அவர் கொப்பியை விரிப்பார்.

ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டே விட்டேன்.

"என்னண்ணை, எந்த நேரமும் எழுத்து?"

"திகதி எழுதுறன் பிள்ளை."

"திகதியிலை என்ன எழுதக் கிடக்கு?"

"நாட்கலண்டருக்கு வருசம் வருசமா நான்தான் எழுத்துக் கோத்தனான். ஒவ்வொரு வருசமும் அதே திகதி திரும்பி வருது. ராகுகாலம் போடுவம், நட்சத்திரம் போடுவம். அந்தத் திகதியிலை முந்தி உலகத்திலை என்ன நடந்தது எண்டு ஒரு வரி இல்லை. அதைத்தான் சேர்க்கிறன். ஒரு திகதிக்கு ஒரு பக்கம்."

நான் "ஓ" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு சொல்லும் நம்பவில்லை. பெண்சாதி பிள்ளை இல்லாத மனுசன், நெல்லை மாடு மேய்கிறது, அதைப் பார்க்காமல் உலகத்தில் என்ன நடந்தது என்று எழுதுகிறாராம். அதைவிட, புதன்கிழமை தவறாமல் ஒரு நீளக் கடித உறையோடு தபால் கந்தோருக்குப் போய்வருவார். யாருக்கு எழுதுகிறார்? அவருக்குத்தான் ஒருவரும் இல்லையே. எங்கள் ஊரில் ஒருவர் அடிக்கடி கடிதம் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பெட்டிசம். அடுத்தவன் காணியில் இல்லை, அடுத்தவன் மரம் வெட்டினான், மான் சுட்டான் என்று பெயர் போடாமல் கந்தோருக்கு எழுதுகிற மொட்டைக் கடிதம். அதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்த மனுசன் பாவம். உமக்கு எல்லாரும் கள்ளர்தான்."

1960 யூலையில் தேர்தல் வந்தது. என் கணவரின் வாக்கு இன்னும் யாழ்ப்பாணத்தில் அவருடைய சொந்த ஊரில்தான் பதிவாகியிருந்தது. பத்தொன்பதாம் திகதி பஸ் ஏறினார், இருபதாம் திகதி வாக்குப் போட்டார், இருபத்தோராம் திகதி பின்னேரம் புழுதியும் வியர்வையுமாகத் திரும்பி வந்துவிட்டார். வாழைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே அச்சுக்கூட அண்ணை வளவுக்குப் போனார். அவரையும் சேர்த்து ஆறு பேர் றேடியோவைச் சுற்றி இருந்தார்கள். உலகத்திலேயே முதன்முதலாக ஒரு பெண் பிரதமராகிவிட்டா, அதுவும் எங்கள் நாட்டில் என்று செய்தியில் சொன்னது. நான் குசினிப் பக்க வேலியடியில் நின்று கேட்டேன். ஒரு பொம்பிளை எப்படி நாட்டைக் கட்டி ஆளப்போகிறா என்று அந்த ஆறு பேரும் தலையைச் சொறிந்தார்கள். ஆறு பேரின் வீட்டையும் யார் கட்டி ஆண்டது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் விடியத் தந்தி வந்தது. மாமிக்கு, அவருடைய தாய்க்கு, வருத்தம் கடுமை. கணவர் கழற்றிய சாரத்தை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பவும் பஸ் ஏறினார். மாமி ஆஸ்பத்திரியில் கிடந்து தேறிவர, அவர் திரும்புவதற்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் நான் சாரம் நனைத்த கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் வந்து ஒரு கிழமைக்குள் கடைத்தெருவில் கதை அடிபட்டது. எங்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் மேல் கந்தோருக்குப் பெட்டிசம் போயிருக்கிறதாம், விசாரணைக்கு வரப்போகிறார்களாம். யார் மேல் என்று தெரியாது. எழுதியவர் யார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த புதன்கிழமை. அச்சுக்கூட அண்ணை கடித உறையோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கணவர் வயலில். வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது, அதற்குள்ளால் புகுந்து போனேன். கேட்டால் நெருப்புப்பெட்டி கேட்க வந்தேன் என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவர் கதவைப் பூட்டுவதில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று காட்டுகிறார் போலும்.

கொப்பி மேசையில் இருந்தது. காற்றுக்குத் தாள் பறக்காமல் மேலே ஒரு தகர ரின்னில் ஈய எழுத்துகள். மாசிப் பக்கம் கண்ணில் பட்டது, பங்குனிப் பக்கம் பட்டது. அரசர்கள், சண்டைகள், கப்பல்கள். எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் கொலனி. யானை கிணற்றில் விழுந்தது, முதல் தடவை வாய்க்காலில் தண்ணீர் விட்டது, இன்னார் வீட்டில் பெண்பிள்ளை பிறந்தது. நான் யூலைக்குப் புரட்டினேன். இருபத்திரண்டாம் திகதிப் பக்கத்தில், ஏதோ ஒரு பிரெஞ்சுக்காரர் கதைக்குக் கீழே, அச்சு மாதிரி அழகான எழுத்தில் இப்படி இருந்தது:

"1960: பக்கத்துக் காணித் தம்பி காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம். தாயாருக்குச் சுகமில்லை. அன்று முதல் பத்து நாள் கொடியில் ஒரே நீலக்கோட்டுச் சாரம்."

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். இந்த ஒரு வரி காணிக் கந்தோருக்குப் போனால் எங்கள் பெர்மிட் முடிந்தது.

தாளைத் திருப்பினேன். அதன் முன்பக்கம் இருபத்தோராம் திகதி. பேர் எடுக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவன் பழைய கிரேக்கரின் கோவில் ஒன்றுக்கு நெருப்பு வைத்தது இந்த நாளில் என்பர். 1831, பெல்ஜியத்தின் முதல் அரசர் சத்தியம் செய்து பதவி ஏற்றார். 1954, இந்தோசீனாவில் சண்டையை நிறுத்த உடன்பட்டார்கள். 1960, உலகத்தின் முதலாவது பெண் பிரதமர். அதன் கீழே, "பின்னேரம் என் றேடியோவில் இதைக் கேட்டவர்கள்" என்று எழுதி ஆறு பெயர். நாலாவது என் கணவருடையது. வாக்குப் போட்டுவிட்டு அன்றுதான் திரும்பினார் என்று பக்கத்தில் குறிப்பு வேறு.

நிதானமாக வாசித்திருந்தால் விளங்கியிருக்கும். பெல்ஜியத்து அரசரோடு சேர்த்து எவனாவது பெட்டிசம் எழுதுவானா? ஆனால் பெயர்களை வரிசையாகப் பார்த்ததும், இது கந்தோருக்குப் போகிற பட்டியல் என்றுதான் என் புத்தி போனது. இரண்டு பக்கத்திலும் என் புருசன் இருக்கிறார். தாளைத் தையல் ஓரமாகப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுவையில் வந்துவிட்டது. குசினிக்கு வந்து அடுப்பில் வைத்தேன், மேலே சோற்றுப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

விசாரணை ஆவணி நடுப்பகுதியில் வந்தது. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. முற்றத்துப் பாலை மரத்தின் கீழ்க் கதிரை போட்டு அதிகாரி இருந்தார். கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். பெட்டிசத்தை எங்களுக்கு வாசித்தே காட்டினார். என் கணவர் தேர்தலோடு யாழ்ப்பாணம் போனவர், அங்கேயே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், காணியில் மனுசி மட்டும் இருக்கிறா என்று எழுதியிருந்தது. கடைசி வரி என்னைப் பற்றியது. சாரத்தைக் கொடியில் போட்டு ஊரை ஏமாற்றுகிறா என்று.

"வாக்கு யாழ்ப்பாணத்திலை. ஆளும் யாழ்ப்பாணத்திலை. பிறகு இஞ்சை காணி என்னத்துக்கு?" என்றார் அதிகாரி.

"இல்லை ஐயா. வாக்குப் போட்ட அடுத்த நாளே திரும்பி வந்திட்டன். தாய்க்குக் கடுமை எண்டு தந்தி வந்துதான் பிறகு போனனான். தந்தி இருக்கு."

"தந்தி ஆரும் அடிக்கலாம். திரும்பி வந்தனீர் எண்டதுக்கு என்ன சாட்சி? பஸ் ரிக்கற் இருக்கோ?"

ரிக்கற்றை யார் வைத்திருக்கிறார்கள். கூட நின்ற நாலைந்து பேர், "நாங்கள் கண்டனாங்கள் ஐயா" என்றார்கள். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொலனிக்காரர் ஆளுக்காள் சாட்சி சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். எழுத்திலை ஏதாவது இருந்தால் காட்டுங்கோ. இருபத்தோராம் திகதி இந்த மனுசன் காணியிலை நிண்டதுக்கு எழுத்திலை ஒண்டு இருந்தால், இந்தப் பெட்டிசத்தை இதிலையே கிழிச்சுப் போட்டிட்டுப் போறன்."

அப்போதுதான் பின்னால் நின்ற அச்சுக்கூட அண்ணை தொண்டையைச் செருமினார்.

"என்னட்டை எழுத்திலை இருக்கு ஐயா."

நான் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். அவர் வேலிப் பொட்டுக்குள்ளால் தன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? எனக்கு அது ஒரு யுகம். கொப்பியை மரியாதையாக இரண்டு கையாலும் அதிகாரியின் முன்னால் வைத்து, தானே புரட்டினார். இருபதாம் திகதி. அடுத்தது இருபத்துமூன்று. திரும்பவும் பின்னுக்குப் புரட்டினார். பெருவிரலால் தையல் ஓரத்தைத் தடவினார். கிழிந்த தாளின் பிசிர் அதில் நின்றது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்தார். அன்றும் அந்த நீலக்கோட்டுச் சாரம்தான் அதில் காய்ந்தது, அன்று உண்மையாகவே தோய்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"எங்கை தாள்?" அதிகாரி கேட்டார்.

"இல்லை ஐயா. என்ரை கவனக்குறைவு. வாயாலை வேணுமெண்டால் சத்தியம் பண்ணுறன்."

"வேண்டிய தாள் மட்டும் பார்த்துக் காணாமல் போகுது. நல்ல கொப்பி."

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் கள்ளத்தனமாக ஒருவர் வீட்டுக்குள் புகுந்ததையும் சொல்ல வேண்டும், மற்றப் பக்கத்தில் சாரத்தைப் பற்றி என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தேத்தண்ணி ஆறிப் போகிறதே என்று மட்டும் என் மூளை நினைத்தது. கொண்டுபோய் வைத்தேன். அதிகாரி குடிக்கவில்லை.

புரட்டாதியில் கடிதம் வந்தது, பெர்மிட் ரத்து. காடு வெட்டிய மண், நாங்கள் நட்ட வாழை, வெட்டி முடிக்காத கிணறு எல்லாம் வேறொருவருக்கு.

என் கணவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் இருந்தது. அச்சுக்கூடத்தான்தான் பெட்டிசம் எழுதியவன், சாட்சி சொல்ல வருவது போல வந்து தாளைத் தானே கிழித்துவிட்டு நாடகம் ஆடினான். இதைக் கடையில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், வாய்க்கால் கட்டில் கண்டவர்களிடம் எல்லாம் சொன்னார். கொலனியில் ஒருவரும் அதன் பிறகு அந்த வளவுக்கு றேடியோ கேட்கப் போகவில்லை. பின்னேரங்களில் செய்தி வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். அவர் தனியே இருந்து கேட்பார். அதற்காக நான் அழுதேன் என்று சொன்னால் பொய். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

சாமான்களை லொறியில் ஏற்றிய அன்று கணவர் முன்னுக்கு ஏறிவிட்டார். வேலியடியில் அச்சுக்கூட அண்ணை நின்றார். நான் கிட்டப் போனேன். மெல்லத்தான் கேட்டார்.

"பிள்ளை, நீங்கள் போற இந்தத் திகதியை எழுதட்டோ, விடட்டோ?"

அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். நான் லொறியில் ஏறினேன்.

பெட்டிசம் எழுதியது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று றேடியோ கேட்ட மற்ற ஐந்து பேரில் நாலு பேர் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஐந்தாமவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் அவருடைய மகளுக்குத் தெரியும்.

ஒன்பது வருசம் போனது. யாழ்ப்பாணத்தில் மாமியார் வீட்டில் ஒரு அறையில் இருந்தோம். பெட்டிசத்தில் பொய்யாக எழுதியிருந்ததை மெய்யாக்குவது போல என் கணவர் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். உடம்புக்கு ஏலாமல் வருகிற நாட்களில், "அவன் மட்டும் இல்லாட்டி இப்ப எங்கடை வயலிலை நிண்டிருப்பன்" என்பார். நான் சோற்றைப் போடுவேன்.

1969 யூலை இருபத்தொன்று. காலையிலிருந்தே தெரு முழுக்க ஒரே கதை, நிலவில் மனிதன் இறங்கிவிட்டான். பக்கத்து வீட்டு றேடியோவை ஊருக்கே கேட்கும்படி வைத்திருந்தார்கள். கணவர் கடைக்குப் போகப் பிந்தி, வாசலில் நின்று வாயைப் பிளந்து கேட்டார். நான் பேப்பரை விரித்து வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று, "இதே நாளில்" என்று. அதை நான் கவனித்ததே இல்லை. கீரையைத் தள்ளிவிட்டு வாசித்தேன்.

கிரேக்கரின் கோவிலுக்கு நெருப்பு. பெல்ஜியத்தின் முதல் அரசர். இந்தோசீன உடன்படிக்கை. 1960, உலகத்தின் முதலாவது பெண் பிரதமர். அத்தோடு முடியவில்லை.

"அன்று மாலை வன்னியில் ஒரு கொலனியில் ஆறு கமக்காரர் இச்செய்தியை ஒரே றேடியோவில் கேட்டனர். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் வாக்களித்துவிட்டு அன்றுதான் தம் காணிக்குத் திரும்பியிருந்தார்."

புதன்கிழமைக் கடித உறைகள் போன இடம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி கேட்ட எழுத்து இதோ, நாடு முழுக்க அச்சில். அன்று அதை வாசிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை, எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேப்பரைக் கணவரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார்.

"இதை அவன் அண்டைக்கே காட்டியிருக்கலாமே."

"காட்டத்தான் வந்தவர். அந்தத் தாளைக் கிழிச்சு எரிச்சது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன், வேலிப் பொட்டில் தொடங்கிச் சோற்றுப் பானை வரை. மற்றப் பக்கத்துச் சாரத்தையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். பேப்பரை மடித்தார், திரும்ப விரித்தார், திரும்ப மடித்தார்.

"ஒன்பது வருசமா நான் அந்த மனுசனைத் திட்டினன். நீர் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனீர்."

"ஓம்" என்றேன்.

அந்தக் கிழமையே ஒட்டுசுட்டானுக்குப் பஸ் ஏறிப் போய் அச்சுக்கூட அண்ணையைப் பார்த்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. அங்கே என்ன கதைத்தார்கள் என்று சொல்லவும் இல்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு என்னை ஒரு சொல் குறை சொன்னதும் இல்லை. நிலவில் மனிதன் நடந்ததை அவர் கேட்ட உடனேயே நம்பினார், ஊரில் பாதிப் பேர் நம்பாதபோதும் நம்பினார். ஆனால் சாரம் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன் என்று நான் சொன்னால், எழும்பிப் போய்க் கொடியை ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் வருவார்.